திருகோணமலை வெக்கையில் உயிருள்ள இழையம் அச்சிடுவது: சாதாழைப் பிசினிலிருந்து குருத்தெலும்பு வட்டு வரை

உயிருள்ள கலங்களைக் கூழோடு கலந்து, சிரிஞ்சில் ஏற்றி, பிரிண்டரால் அடுக்கடுக்காக இட்டு இழையம் வளர்க்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஆய்வுகூடங்களில் எழுதப்பட்டவை. "அறை வெப்பநிலையில் அச்சிடவும்" என்று ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். அவர்களுடைய அறை 20 பாகை. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் உவர்மலையிலோ நிலாவெளியிலோ ஓர் அறை 32, 33 பாகையில் நிற்கும். அந்த வெப்பத்தில் ஜெலட்டின் உறையாது. இரண்டாவது அடுக்கு வைப்பதற்குள் முதலாவது அடுக்கு தட்டில் பரவிப்போகும். ஆகவே இந்த வழிகாட்டியில் கலங்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு வெப்பத்தைப் பற்றியும் ஈரப்பதத்தைப் பற்றியும் பேசுகிறேன். இங்கே வேலை கெடுவது பெரும்பாலும் அந்த இரண்டில்தான்.

கோணேசபுரி வளாகத்து பிரயோக விஞ்ஞான மாணவர்கள், உயர்தர உயிரியல் ஆசிரியர்கள், பழைய முப்பரிமாண பிரிண்டரை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஈஸ்ட் வரையுள்ள படிகளைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். மனிதக் கலங்கள் வரும் படிகளுக்கு உயிர்ப்பாதுகாப்பு இரண்டாம் நிலை ஆய்வுகூடம் வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

எதை அச்சிடுவது

10 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட குருத்தெலும்பு வட்டு ஒன்று. இவ்வளவுதான் இலக்கு. இதை யாருடைய முழங்காலிலும் வைக்கப் போவதில்லை. தட்டில் வளர்த்து, வெட்டி, சாயமிட்டுப் பார்க்கப் போகிறோம்.

"சிறுநீரகம் அச்சிட முடியாதா?" என்று இங்கே எவரும் கேட்பார்கள். நம் மாவட்டத்திலேயே பதவி சிறிபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயால் வதைபடும் குடும்பங்கள் இருக்கும்போது அந்தக் கேள்வி நியாயமானது. இன்றைக்கு முடியாது என்பதே பதில். உயிருள்ள கலம் ஒன்று இரத்தக் குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீற்றர் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஒட்சிசன் போய்ச் சேராது. ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் வடிகட்டும் அலகுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி நுண்குழாய் வலை. அந்த நுணுக்கத்தில் குழாய்களை அச்சிட்டு, இரத்தம் ஓடவிட்டு, ஆண்டுக்கணக்கில் வேலை செய்ய வைக்க எவராலும் இன்னும் முடியவில்லை. குருத்தெலும்புக்கோ இயற்கையிலேயே இரத்தக் குழாய் கிடையாது. அதன் கலங்கள் குறைந்த ஒட்சிசனில் வாழப் பழகியவை. முதலில் அதை எடுப்பதற்கு அதுதான் காரணம்.

இதே காரணத்தால் கருவிழியும் நல்ல இலக்கு. அதற்கும் இரத்தக் குழாய் இல்லை. 2018இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் அல்ஜினேட்டும் கொலாஜனும் சேர்ந்த கூழில் கருவிழிக் கலங்களைக் கலந்து பத்து நிமிடத்துக்குள் கருவிழி வடிவம் ஒன்றை அச்சிட்டார்கள். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் மூலம் உலகத்துக்கே கருவிழி அனுப்பிய நாடு நம்முடையது. அந்த வழியில் இங்கிருந்து ஓர் ஆய்வு கிளம்பினால் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கருவிழி ஒளி புகும்படி இருக்க வேண்டும், வளைவு சரியாக வர வேண்டும். தொடங்குகிறவருக்கு வட்டே போதும்.

சாதாழையிலிருந்து பிசின்

அல்ஜினேட் என்பது பழுப்புப் பாசிகளின் கலச்சுவரில் உள்ள பிசின். கல்சியம் பட்டதும் அதன் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து, நொடிகளில் கூழ் கெட்டியாகிவிடும். சூடு வேண்டாம், கடும் இரசாயனம் வேண்டாம், உள்ளே இருக்கும் கலங்களும் சாகாது. கலங்களை அச்சிடும் வேலையில் இது இத்தனை புழங்குவதற்கு இதுதான் காரணம்.

சார்காசம் என்ற பழுப்புச் சாதாழை நம் கடலிலேயே உண்டு. சிறு சிறு காற்றுக் குமிழ்களோடு, இலை போன்ற ஓரம் வெட்டுண்ட மடல்களோடு இருக்கும். வாடைக்காலக் கொந்தளிப்புக்குப் பின் கரையொதுங்கிக் கிடப்பதை எடுங்கள். பாறையில் வளர்வதைப் பிடுங்க வேண்டாம். புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக்கூடாது.

நல்ல தண்ணீரில் மணலும் உப்பும் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, அரைத்துக்கொள்ளுங்கள். நிறமும் கசப்புப் பொருட்களும் போக ஓர் இரவு எதனோலில் ஊறவிடுங்கள். பிறகு 0.1 மோலர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு மணி நேரம். பாசிக்குள் கல்சியத்தோடு பிணைந்து கிடக்கும் அல்ஜினேட் அதில் விடுபடும். கழுவிவிட்டு 2 முதல் 3 சதவீத சோடியம் கார்பனேட் கரைசலில் 60 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் கிளறினால் வழவழவென்று வரும். தண்ணீர் விட்டு இளக்கி, துணியில் வடித்து, வடிந்ததற்கு இரு மடங்கு எதனோல் ஊற்றினால் நார் நாராகத் திரளும். அதை உலர்த்திப் பொடித்தால் சோடியம் அல்ஜினேட்.

இந்தப் பொடி கலமில்லா ஒத்திகைக்கும் ஈஸ்ட் வேலைக்கும் தாராளம். மனிதக் கலங்களுக்கு இதைப் பாவிக்காதீர்கள். பழுப்புப் பாசிகள் ஆர்சனிக்கைச் சேர்த்து வைக்கும். பொலிபீனோல்களும் பக்டீரியா நச்சும் வீட்டு முறைக் கழுவலில் முழுதாகப் போகாது. கலங்கள் செத்தால் அச்சிட்ட விதம் காரணமா, பொடி காரணமா என்று கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுவீர்கள். கலம் வரும் கட்டத்தில் மருத்துவத் தரத்தில் சுத்திகரித்த அல்ஜினேட்டைக் காசு கொடுத்தே வாங்குங்கள்.

ஜெலட்டின்: எந்த விலங்கு, எந்த வெப்பம்

அல்ஜினேட்டுக்கு ஒரு குறை உண்டு. கலங்கள் பற்றிக்கொள்ள அதில் பிடிமானம் கிடையாது. ஜெலட்டினில் அந்தப் பிடிமானப் புள்ளிகள் நிறைய. அத்தோடு, குளிர்ந்ததும் ஜெலட்டின் தானாக உறையும் என்பதால், கல்சியம் படும் வரை அச்சின் வடிவத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அதுதான்.

கிண்ணியா, மூதூர் மாணவர்கள் உள்ள வகுப்பில் "இது எந்த விலங்கு?" என்பது முதல் கேள்வியாக வரும், சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பன்றித் தோல், மாட்டெலும்பு இரண்டிலிருந்தும் வருவது கிட்டத்தட்ட ஒரே மாதிரி வேலை செய்யும், 30 பாகைக்கு அண்மையில் உருகும். மீன் ஜெலட்டின் என்றால் மரக்கறி மட்டும் உண்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பொது, நம் ஊரில் மீன்தோலுக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் மீன் ஜெலட்டின் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். குளிர்கடல் மீனினது 10 பாகைக்குக் கீழேதான் உறையும். வெப்பக்கடல் மீனினது இரண்டுக்கும் இடைப்பட்டது. ஏற்கெனவே வெக்கையோடு மல்லுக்கட்டும் இடத்தில் இது சுமையைக் கூட்டும். என் தெரிவு ஹலால் சான்றுள்ள மாட்டு ஜெலட்டின். அதுவும் வேண்டாம் என்பவர்கள் மீன் ஜெலட்டினோடு தட்டை இன்னும் சில பாகை குளிரவைத்துப் பார்க்கலாம். எந்த எல்லை வரை குளிரவைக்கலாம் என்பதை அடுத்து சொல்கிறேன்.

வெப்பமும் பனித்துளியும்

அச்சு விழும் தட்டைக் குளிரவைத்தால் ஜெலட்டின் உறையும் என்று நினைத்து, மின்சாரத்தால் குளிரும் பெல்டியர் தகடு பூட்டி 5 பாகைக்கு இறக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அச்சு அதில் மிதந்து நகர்ந்துவிடும், அடுக்குகள் வழுக்கும். காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் துளியாகப் படியுமோ அதைப் பனிபடுநிலை என்பார்கள். கடலோரக் காற்று 30 பாகையும் 75 சதவீத ஈரப்பதமுமாக இருந்தால் பனிபடுநிலை 25 பாகை. அந்த அறையில் 25க்குக் கீழே எந்தத் தட்டை இறக்கினாலும் நனையும். ஜெலட்டினோ 25இல் சரியாக உறையாது. ஆகவே தட்டை மட்டும் குளிரவைத்துத் தப்ப முடியாது. அறையையே உலர்த்த வேண்டும்.

குளிரூட்டியை ஓடவிட்டு அறையை 22 பாகை, 55 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்தால் பனிபடுநிலை 12.5 பாகைக்கு இறங்கும். அப்போது தட்டை 15 பாகையில் வைக்கலாம். நனையாது, ஜெலட்டினும் உடனே இறுகும். மலிவான ஈரப்பதமானி ஒன்றைப் பிரிண்டருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அச்சிடும்போது கதவைத் திறந்து மூடினால் கணக்கு மாறிவிடும். குளிரூட்டியின் வடிகட்டியை மாதம் ஒருதடவை கழட்டிக் கழுவுங்கள். கடலோர ஈரத்தில் அதில் படியும் பூஞ்சணம் நேரே உங்கள் தட்டில்தான் வந்து விழும்.

சிரிஞ்சுக்கும் தனி ஏற்பாடு வேண்டும். மிகத் துல்லியமான கருவி தேவையில்லை. மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் மாதிரியான ரெஜிபோம் பெட்டி புதிதாக ஒன்று வாங்கி, தண்ணீரும் ஐஸும் இட்டு, மீன்தொட்டிப் பம்பு ஒன்றால் அந்தத் தண்ணீரைச் சிரிஞ்சைச் சுற்றிய சிலிக்கன் குழாயில் ஓடவிட்டால், அந்தக் குளிர்ச்சட்டை சிரிஞ்சை 22 முதல் 24 பாகைக்குள் பிடித்து வைக்கும். வெப்பமானியின் முனை சிரிஞ்சின் உடலைத் தொட்டிருக்க வேண்டும். தண்ணீரின் வெப்பத்தை அளந்துவிட்டுக் கூழும் அதே வெப்பம் என்று நம்பாதீர்கள்.

மின்வெட்டு. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருளில் இருந்த நாடு; இப்போது நிலைமை அப்படி இல்லையென்றாலும் புயல்காலம் வரும். 37 பாகை இன்கியூபேட்டர் நம் ஊர் வெப்பத்தில் மெதுவாகத்தான் ஆறும், கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். அதைவிடக் கவலை தருவது காபனீரொட்சைட்டு. இன்கியூபேட்டருக்குள் அது 5 சதவீதத்திலிருந்து விழுந்தால், கலங்கள் வளரும் திரவமான வளர்ப்பூடகத்தின் அமிலநிலை மாறிவிடும். அமிலநிலையை மாறாமல் பிடித்து வைக்கும் ஹெப்பீஸ் என்ற பொருளை ஊடகத்தில் 25 மில்லிமோலர் சேர்த்து வைத்தால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

பிரிண்டர்

கலங்களை அச்சிடும் எண்ணமே சாதாரணக் கடதாசிப் பிரிண்டரிலிருந்து வந்ததுதான். தோமஸ் போலண்ட் 2003இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இங்க்ஜெட் பிரிண்டரை மாற்றியமைத்துக் கலங்களைத் துளித்துளியாக இட்டார். நாம் செய்வது துளி முறை இல்லை. அழுத்தித் தள்ளி இழையாக விடும் முறை.

மேசையில் வைக்கும் பிளாஸ்ரிக் பிரிண்டர் ஒன்று போதும். சூடாக்கும் தலையைக் கழட்டிவிட்டு, சிரிஞ்சைத் தள்ளும் மோட்டார்ப் பகுதியைப் பூட்டுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அடம் ஃபைன்பெர்க் குழு இதற்கான ரெப்லிஸ்ட்ரூடர் என்ற வடிவமைப்பை யாரும் எடுத்துச் செய்யும்படி வெளியிட்டிருக்கிறது. பாகங்களை அதே பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்ளலாம். பிரிண்டரை இயக்கும் மார்லின் மென்பொருள், தலை 170 பாகைக்குச் சூடாகாமல் எதையும் தள்ள மறுக்கும். எம் 302 எஸ் 0 என்ற கட்டளை அந்தத் தடையை நீக்கும். இது தெரியாமல் மோட்டார் பழுது என்று மாற்றியவர்கள் உண்டு.

ஊசி முனை 22 கேஜ், உள்விட்டம் 0.41 மில்லிமீற்றர். கூம்பு வடிவ பிளாஸ்ரிக் முனை கிடைத்தால் நேரான உலோக ஊசியை விட நல்லது. நீண்ட ஒடுக்கமான ஊசிக்குள் கலங்கள் உராய்ந்து கிழியும்.

கூழ்

அளவு இப்படி: 0.3 கிராம் சோடியம் அல்ஜினேட், 0.7 கிராம் ஜெலட்டின், 9 மில்லிலீற்றர் திரவம். கடைசியில் 1 மில்லிலீற்றர் கலக் கரைசல் சேரும்போது அல்ஜினேட் 3 சதவீதம், ஜெலட்டின் 7 சதவீதம் என்று வந்து நிற்கும். திரவம் உடற்திரவத்துக்கு நிகரான உப்புச் செறிவுள்ள ஹெப்பீஸ் கரைசலாக இருக்கட்டும். பொஸ்பேற்று கல்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் என்பதால் வழமையான பிபிஎஸ் (பொஸ்பேற்று கலந்த உப்புக் கரைசல்) இங்கே வேண்டாம்.

ஜெலட்டினை முதலில் 50 பாகையில் கரையுங்கள். பிறகு அல்ஜினேட் பொடியைத் தூவித்தூவிக் கிளறுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி கட்டியாகி உள்ளே உலர்பொடி தங்கிவிடும். முழுதாகக் கரைய சில மணி நேரம் எடுக்கும். நுண்ணுயிர் நீக்க ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வைத்தால் அல்ஜினேட் சங்கிலிகள் துண்டாகிக் கூழ் தண்ணீராகிவிடும். 70 பாகையில் அரை மணி நேரம், ஆறவிட்டு மறுபடி, ஆறவிட்டு மறுபடி என மூன்று தடவை சூடாக்குவது பாதுகாப்பு. கடைசியில் மெதுவான வேகத்தில் சுழற்றிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். ஒரு குமிழ் ஊசிக்குள் வந்தால் இழை அறுந்து, பிறகு பிசுக்கென்று கொட்டும்.

கலமில்லா ஒத்திகை

இந்தப் படியைத் தாண்டி ஓட எல்லாருக்கும் அவசரம். நான் இதில்தான் மாதக்கணக்கில் இருக்கச் சொல்வேன். கூழுக்குச் சாப்பாட்டு நிறம் கலந்து சிரிஞ்சில் ஏற்றி, குளிர்ச்சட்டைக்குள் அரை மணி நேரம் விட்டு, பிறகு மெல்லத் தள்ளிப் பாருங்கள். இடியப்ப மாவின் பதம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: இளகலாக இருந்தால் முனையில் துளியாக உருளும், இறுகினால் இழை சொரசொரத்து அறும், பதம் சரியென்றால் தொடர்ச்சியாகத் தொங்கும். துளி விழுந்தால் சிரிஞ்சை ஒரு பாகை குளிரவையுங்கள், சொரசொரத்தால் ஒரு பாகை கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகைதான்.

அடுத்தது சல்லடைச் சோதனை. 1.5 மில்லிமீற்றர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக இழைகள், அடுக்கு உயரம் 0.3 மில்லிமீற்றர், வேகம் நொடிக்கு 5 முதல் 10 மில்லிமீற்றர். துளைகள் சதுரமாக நிற்க வேண்டும். வட்டமாக உருண்டால் கூழ் பரவுகிறது. மோட்டார் நின்ற பிறகும் இழை வழிந்துகொண்டே இருப்பது சிரிஞ்சு முறையின் பிறவிக்குணம். ஒவ்வொரு கோடும் முடியுமுன் தள்ளலைச் சற்று முன்கூட்டியே நிறுத்தும்படி அமைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்த முறை வைத்திருப்பவர்கள் அழுத்தத்தை 100 கிலோபாஸ்கலுக்குள் வைத்திருக்கப் பாருங்கள்.

அச்சானதும் கல்சியம் குளியல். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 1.47 கிராம் கல்சியம் குளோரைட் இருநீரேற்று கரைத்தால் 100 மில்லிமோலர். ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று அயன்களாகப் பிரிவதால் இது உடற்திரவத்தின் ஊடமுக்கத்துக்கு ஏறத்தாழச் சமம்; கலங்கள் சுருங்கவும் மாட்டா, வெடிக்கவும் மாட்டா. குளிரூட்டி வைத்த கரைசலை ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். வெதுவெதுப்பாக ஊற்றினால் கல்சியம் உள்ளே போகுமுன் ஜெலட்டின் இளகி வடிவம் குலையும். வட்டை 37 பாகைக்குக் கொண்டுபோனதும் ஜெலட்டின் நாட்கணக்கில் மெல்லக் கசிந்து வெளியேறும், அல்ஜினேட் சட்டகம் நிற்கும். அப்படித்தான் நடக்க வேண்டும்.

ஈஸ்ட் கட்டம்

பாண் ஈஸ்டைக் கலந்து அதே வட்டை அச்சிடுங்கள். சீனித் தண்ணீரில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் வட்டிலிருந்து குமிழ்கள் வரும்: உள்ளே உயிர் இருக்கிறது. ஒரு துண்டை நசுக்கி மெத்திலீன் நீலம் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செத்த கலங்கள் நீலமாகத் தெரியும். உயர்தர வகுப்புக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் எனக்குத் தெரியவில்லை. ஈஸ்டுக்குத் தடித்த சுவர் இருப்பதால் ஊசியின் உராய்வை அது பொருட்படுத்தாது. ஆகவே ஈஸ்ட் பிழைத்தால் மனிதக் கலமும் பிழைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். ஈஸ்ட் வேலை செய்த மேசையும் பிரிண்டரும் மனிதக் கல ஆய்வுகூடத்துக்குள் நுழையவே கூடாது. அங்கே ஊற்றும் பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின் எதுவும் ஈஸ்டைக் கொல்லாது.

ஸ்டெம் கலங்கள்: எங்கிருந்து, எத்தனை

ஷின்யா யமனாகா 2006இல் எலியின் சாதாரணத் தோற்கலத்தை நான்கு மரபணுக்களால் மீண்டும் ஆதி நிலைக்குத் திருப்பினார், அடுத்த ஆண்டு மனிதக் கலத்திலும். 2012இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கலங்கள் எதுவாகவும் மாறும். கட்டுப்பாடு தவறினால் கட்டியாகவும் மாறும். தொடங்குகிறவருக்கு அவை வேண்டாம். நமக்கு ஏற்றவை மெசன்கைமல் ஸ்டெம் கலங்கள். எலும்பு மச்சை, கொழுப்பு, பிரசவத்துக்குப் பின் கழியும் தொப்புள்கொடி ஆகியவற்றில் உண்டு; எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகிய மூன்றாகவும் மாறும்.

தொப்புள்கொடிதான் எளிதாகக் கிடைக்குமே என்று யாரிடமாவது பேசி வாங்கிவிடாதீர்கள். நெறிமுறைக் குழுவின் எழுத்து அனுமதி, தாயின் மொழியிலேயே எழுதி அவர் வாசித்துக் கையெழுத்திட்ட சம்மதம், நோய்த்தொற்றுப் பரிசோதனை மூன்றும் இல்லாமல் அது நடக்கக்கூடாது. முதல் தடவைக்கு ஏற்கெனவே குணம் சோதித்து உறையவைத்து விற்கும் கலங்களை வாங்குவதே மேல். அப்படி வாங்கினாலும் 2006இல் சர்வதேசக் கலச் சிகிச்சைச் சங்கம் வகுத்த அளவுகோல்களை நீங்களே ஒருமுறை பாருங்கள்: பிளாஸ்ரிக்கில் ஒட்டி வளர வேண்டும், கலத்தின் மேற்பரப்புக் குறிப்பான்களான சிடி 73, 90, 105 இருக்க வேண்டும், இரத்தக் கலங்களின் சிடி 34, 45 இருக்கக்கூடாது, மூன்றாகவும் மாற வேண்டும். கொழும்பிலிருந்து வரும் பெட்டியில் உலர்பனி மிச்சம் இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்த உடனேயே பார்த்துக் குறித்து வையுங்கள்.

கணக்கு முக்கியம். நம் வட்டின் கனவளவு 0.16 மில்லிலீற்றர். குருத்தெலும்புக்கு மில்லிலீற்றருக்கு ஒரு கோடி கலமாவது வேண்டும். கலங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால்தான் அவை குருத்தெலும்பாக மாறத் தொடங்கும். ஒரு வட்டுக்கு 16 இலட்சம், ஆறு வட்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி. சிரிஞ்சுக்குள் தங்கிவிடுவதையும், ஒப்பிட்டுப் பார்க்க அச்சிடாமல் எடுத்து வைக்கும் துளியையும் சேர்த்தால் ஒன்றரைக் கோடி. 75 சதுர சென்ரிமீற்றர் குடுவை ஒன்றில் 10 முதல் 15 இலட்சம்தான் கிடைக்கும். ஆகவே பன்னிரண்டு குடுவை அளவில் ஒரே நாளில் தயாராக வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊடகம் மாற்றி, 70 முதல் 80 சதவீதம் நிரம்பியதும் பிரித்துப் பிரித்து வளர்த்து, ஐந்தாம் தலைமுறைக்குள் பாவித்துவிடுங்கள். அதற்கு மேல் மாறும் திறன் மங்கும். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பக்டீரியாவுக்கான பரிசோதனையைத் தவற விட வேண்டாம். அந்தத் தொற்று கண்ணுக்கும் தெரியாது, ஊடகத்தையும் கலக்காது, முடிவுகளை மட்டும் கெடுக்கும்.

அச்சிடும் நாள்

காலையில் குளிரூட்டியை ஓடவிட்டு ஈரப்பதம் இறங்கும் வரை காத்திருங்கள். கூழை 37 பாகையில் இளக்குங்கள். குடுவைகளிலிருந்து டிரிப்சின் என்ற நொதியத்தால் கலங்களைப் பிரித்து, செத்த கலங்களை மட்டும் நீலமாக்கும் டிரைப்பன் நீலம் இட்டு எண்ணுங்கள். 90 சதவீதத்துக்குக் குறைவாக உயிரோடு இருந்தால் அன்றைக்கு அச்சிட வேண்டாம். ஒன்றரைக் கோடி கலங்களை 0.15 மில்லிலீற்றரில் எடுத்து, 1.35 மில்லிலீற்றர் கூழோடு சேர்க்க வேண்டும். இரண்டு சிரிஞ்சுகளை வாயோடு வாய் பூட்டி, முன்னும் பின்னுமாக மெதுவாகத் தள்ளினால் குமிழில்லாமல் கலக்கும்.

சிரிஞ்சைக் குளிர்ச்சட்டையில் இருபது நிமிடம் விடுங்கள். அதற்குள் கலந்த கூழில் சில துளிகளை எடுத்து, ஊசி வழியே தள்ளாமல் நேரே கல்சியத்தில் விட்டு வையுங்கள். இந்தத் துளிதான் பிறகு உங்களைக் காப்பாற்றும்: வட்டிலும் துளியிலும் கலங்கள் செத்திருந்தால் கூழில் கோளாறு; வட்டில் மட்டும் செத்திருந்தால் ஊசியிலும் அழுத்தத்திலும் கோளாறு.

அச்சு, கல்சியம் ஐந்து நிமிடம், கொஞ்சம் கல்சியம் சேர்ந்த உப்புக் கரைசலில் ஒரு கழுவல், உடனே ஊடகம். கலத்தைப் பிரித்ததிலிருந்து ஊடகத்துக்குள் போகும் வரை ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிக்கப் பாருங்கள். இருவர் இருந்தால் முடியும். தனியாளாகச் செய்ய வேண்டாம்.

அன்று மிஞ்சும் எல்லாவற்றையும் ஓட்டோகிளேவில் 121 பாகையில் அவித்தே வெளியேற்ற வேண்டும். பிளீச் ஊற்றிய எதையும் ஓட்டோகிளேவில் வைக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

அதன் பின் நான்கு வாரம்

அச்சிடுவது ஒரு காலைவேளை. வளர்ப்பது ஒரு மாதம். மறுநாளும் ஏழாம் நாளும் ஒவ்வொரு வட்டை எடுத்து உயிர்–சாவுச் சாயம் இடுங்கள். கல்சீன் உயிருள்ளவற்றைப் பச்சையாக, எதிடியம் செத்தவற்றைச் சிவப்பாகக் காட்டும். 80 சதவீதத்துக்கு மேல் பச்சை என்றால் தொடரலாம். ஓரம் பச்சையும் நடு சிவப்புமாக இருந்தால் ஒட்சிசன் உள்ளே போகவில்லை, சல்லடை இடைவெளியைக் கூட்டுங்கள்.

இரண்டாம் நாளிலிருந்து குருத்தெலும்பு ஊடகம்: மில்லிலீற்றருக்கு 10 நனோகிராம் டிஜிஎஃப் பீட்டா 3 (கலங்களைக் குருத்தெலும்பாக மாறத் தூண்டும் புரதம்), 100 நனோமோலர் டெக்ஸாமெதசோன், மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராம் அஸ்கோபிக் அமில பொஸ்பேற்று, இன்சுலின் சேர்ந்த துணைக் கலவை, புரோலின். சீரம் வேண்டாம். டிஜிஎஃப் தான் செலவில் பெரும்பங்கை விழுங்கும். சிறு சிறு அளவாகப் பிரித்து உறையவைத்து, ஒருமுறை இளக்கியதை மறுபடி உறையவைக்காமல் பாவியுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றம். 21 முதல் 28 நாள்.

வட்டைச் சோதிப்பது

குருத்தெலும்பு வந்ததா என்று பார்க்க அல்சியன் நீலம் இடுவது வழக்கம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அல்ஜினேட்டும் மின்னேற்றமுள்ள சர்க்கரைச் சங்கிலி என்பதால் ஒரு கலமும் இல்லாத வெறும் வட்டும் அழகாக நீலம் பிடிக்கும். அதைப் படமெடுத்து வெற்றி என்று அறிவித்துவிட எளிது. சாயத்தை பிஎச் 1.0இல் வையுங்கள், அந்த அமிலத்தில் அல்ஜினேட்டின் தொகுதிகள் மின்னேற்றம் இழந்துவிடும், குருத்தெலும்பின் சல்பேற்றுச் சர்க்கரைகள் மட்டும் நிறம் பிடிக்கும். கலமில்லா வட்டு ஒன்றையும் அதே ஊடகத்தில் அதே நாட்கள் வைத்திருந்து பக்கத்தில் காட்டுங்கள். இரண்டாம் வகைக் கொலாஜனுக்கு எதிரான பிறபொருளெதிரி கிடைத்தால் அதுவே உறுதியான சான்று. பத்தாம் வகைக் கொலாஜனையும் பாருங்கள்: மெசன்கைமல் கலங்கள் குருத்தெலும்போடு நில்லாமல் எலும்பு நோக்கிப் போகும் பழக்கமுள்ளவை. அது தெரிந்தால் வளர்ப்பை நீட்டிப்பதில் பயனில்லை.

அமுக்கிப் பார்த்தால் வட்டு மெத்தென்றிருக்கும். இயற்கைக் குருத்தெலும்பின் விறைப்பு மெகாபாஸ்கல் அளவில் இருக்க, இது கிலோபாஸ்கலில்தான் நிற்கும். உடம்பின் எடையை இது தாங்காது. இதே கலங்களை முழங்காலில் ஊசியாக ஏற்றிக் குணமாக்குவதாக விளம்பரம் செய்பவர்களிடம், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மெல்லிய சீவலாக வெட்டுவதற்கு வட்டை நிலைப்படுத்தும்போதும் கல்சியத்தை மறந்துவிடக் கூடாது. வழமையான பொஸ்பேற்றுக் கரைசலில் தயாரித்த பராஃபோமல்டிகைட்டில் போட்டால் ஒரு மாத வேலை ஓர் இரவில் குழைந்துவிடும். ஹெப்பீஸ் கரைசலில் 4 சதவீதம் தயாரித்து, 10 மில்லிமோலர் கல்சியம் குளோரைட் சேர்த்துப் போடுங்கள். கலங்களை உயிரோடு திரும்ப எடுக்க வேண்டிய வட்டு இருந்தால் அதற்கு நேரெதிர்: 55 மில்லிமோலர் சோடியம் சிற்றேற்றில் சில நிமிடம் விட்டால் அல்ஜினேட் கரைந்து கலங்கள் விடுபடும். எந்த வட்டு எதற்கு என்று மூடியிலும், கூடவே தட்டின் அடியிலும் எழுதி வையுங்கள். மூடிகள் மாறும்.